ஒருபக்க மணி

“மணியை அடிச்சது நான்தான்னு போய்ச் சொல்லுங்கப்பா.”

கேட்டே விட்டாள். கேட்கக் கூடாது என்று அம்மா காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தாள். வேறு எதை வேண்டுமானாலும் கேள், ஈரலைக் கேட்டால்கூட அறுத்துத் தருவார், இதை மட்டும் அந்த மனுஷன் முகத்துக்கு நேரே கேட்டுவிடாதே என்று. ஊர் அதிகாரி ஷோல்தீஸும் அதையேதான் சொன்னான், அவன் பாணியில்: “உங்கப்பன் ஒண்ணும் சொல்லாத வரைக்கும் உங்கப்பன் உயிரோட இருப்பான். புரியுதா டீச்சர்?”

யுஸ்தீனாவுக்குப் புரிந்தது. புரிந்துதான் கேட்டாள்.

அப்பா காஷ்பர் மாட்டுத் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. கூட்டுவதற்கு அங்கே ஒரு துரும்பு கிடையாது. இரண்டு மாடுகளும் மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தன. பட்டாளம் வந்தாலும் மாட்டுக்குப் பசிக்கும். அவர் விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

“காது கேக்கலையா, இல்ல கேக்காத மாதிரி இருக்கீங்களா?”

“கேக்குது.”

“பள்ளிக்கூடத்துல ஆறு பேரைக் கட்டிப் போட்டிருக்காங்க. அதுல ஒருத்தர் உங்க மருமகன். ரெண்டு மணிக்கு ஜெர்மன்காரன் லாரி வருது. இப்ப பன்னெண்டேகால்.”

பன்னெண்டேகால் என்று அவள் சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்குமே அது உறைத்தது. இன்றைக்கு உச்சி மணி அடிக்கவில்லை. முப்பத்தோரு வருஷமாக ஹாயோவா மாதா கோயில் மணியை அடிப்பவர் காஷ்பர். கல்யாணத்தன்றும் அடித்தார், தன் தகப்பனைப் புதைத்த அன்றும் அடித்தார். இன்று பன்னிரண்டு மணிக்குத் தொழுவத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

அந்தத் தாத்ரா மலையடிவாரத்தில் ஹாயோவாவும் லிப்காவும் ஒரு காலத்தில் ஒரே கோயிலைச் சேர்ந்த ஒரே பங்கு. நடுவில் ஒரு ஓடை, ஓடைமேல் ஒரு மரப்பாலம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஓடையில் கோடு போட்டு, லிப்காவைப் போலந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். பங்கு பிரிக்க வந்த ஆட்கள், கோயில் இந்தக் கரையில் இருப்பதால் மணி ஹாயோவாவுக்கு என்றார்கள். இரண்டு ஊரும் சேர்ந்து வாங்கிய தீயணைப்பு பம்ப் அன்றைக்கு அந்தக் கரைக் கொட்டகையில் நின்றிருந்ததால் பம்ப் லிப்காவுக்கு என்று எழுதிக்கொண்டு போனார்கள். மணி ஒருத்தருக்கு, தண்ணீர் இன்னொருத்தருக்கு. அறிவாளிகள் பிரித்தால் அப்படித்தான்.

ஊர்க்காரர்கள் அதற்கு ஒரு வழி செய்துகொண்டார்கள். எந்தக் கரையில் தீப்பிடித்தாலும் ஹாயோவாவில் பெரிய மணியை ஒருபக்கமாக அடிப்பார்கள். மணியை ஆட்டுவதில்லை, நாக்கை மட்டும் இழுத்து ஒரே பக்கத்தில், மூச்சு விடாமல், டங் டங் டங் டங் என்று. அந்தச் சத்தம் கேட்டால் லிப்கா ஆட்கள் பித்தளைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, இடுப்பில் கைக்கோடாலியைச் செருகிக்கொண்டு, பம்ப் வண்டியை இழுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். எல்லைக் காவலர்கள் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுவார்கள். கடவுச்சீட்டு கேட்க மாட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஹாயோவாவில் பதினான்கு வீடு எரிந்தபோது மீதி ஊரைக் காப்பாற்றியது அந்த பம்ப்தான். யுஸ்தீனாவின் அக்கா மர்கீதாவின் கல்யாணப் பெட்டியின் மேல் தண்ணீரைக் கொட்டி, உள்ளே இருந்த துணியை எல்லாம் நாசமாக்கியவன் உர்பான் என்ற லிப்காக்காரன். “பெட்டி நனைஞ்சுபோச்சு, இனி எவன் கட்டுவான்?” என்று அக்கா திட்டினாள். “நனைச்சவன் கட்டறேன்” என்றான். கட்டினான்.

யுஸ்தீனா அந்த வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள். அவளுக்கு முன்னால் எல்லோரும் சிலுவைக் குறிதான். நான்கு வருஷம் நகரத்தில் ஆசிரியர் பயிற்சி முடித்து, அரிச்சுவடி படித்த அதே அறைக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்தவள். 1939 செப்டம்பர் முதல் தேதி, வெள்ளிக்கிழமை, இன்றைக்குத்தான் பள்ளிக்கூடம் திறந்திருக்க வேண்டும். கரும்பலகையில் ‘குழந்தைகளே, வருக’ என்று நேற்றே எழுதி வைத்துவிட்டாள்.

நேற்றுச் சாயங்காலம் பட்டாளம் வந்தது. ஜெர்மன்காரனாக இருந்தால்கூட அவள் அவ்வளவு திகைத்திருக்க மாட்டாள். ஜெர்மன் லாரிகள் பத்து நாளாகப் பெருஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தன. பிறந்து ஐந்தரை மாதமே ஆன தன் நாடு, ஜெர்மன்காரன் தோளில் உட்கார்ந்து உலகம் பார்க்கும் நாடு, அவன் போகட்டும் என்று வழிவிட்டு நிற்கிறது என்றுதான் நினைத்திருந்தாள். வந்தது சொந்தப் பட்டாளம். ஸ்லோவாக்கியப் பட்டாளம். சிப்பாய்கள் வரிசையில் நின்று அம்மாவிடம் மோர் கேட்டுக் குடித்தார்கள். “புண்ணியமாப் போகும் தாயே” என்றான் ஒருவன், பல்லெல்லாம் தெரிய.

அவர்களுடைய லெப்டினன்ட் பியெலிக் தெற்கே சமவெளிக்காரன், முப்பதுகூட இருக்காது. பள்ளிக்கூடத்தில் தங்கினான். மரியாதையாகத்தான் பேசினான்.

“நாளைக்குப் பத்து மணி வரைக்கும் பிள்ளைங்களை வெளிய விடாதீங்க டீச்சர். விடிகாலை அஞ்சுக்கு நாங்க ஓடையைத் தாண்டறோம்.”

“தாண்டி?”

“லிப்காவை மீட்கிறோம். நம்ம ஊர்தானே? ரேடியோ கேக்கறதில்லையா நீங்க? பறிபோன மண்ணை எல்லாம் திரும்ப எடுக்கிறோம்.”

“அங்க எங்கக்கா இருக்கா.”

“அப்ப சந்தோஷப்படுங்க” என்றான். கேலி இல்லை. நிஜமாகவே சொன்னான்.

அவள் பாலத்துக்கு ஓடினாள். தடுப்புக் கட்டை கீழே இறங்கியிருந்தது. நம் பக்கக் காவலன், தினம் வணக்கம் சொல்லுகிறவன், முகத்தைப் பார்க்காமல் “திரும்பிப் போ” என்றான். வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டு மேசையில் அப்பா உருளைக்கிழங்கை உரித்து ஆட்டுப் பாலாடைக்கட்டியில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

“அக்கா அங்க தூங்கிட்டு இருப்பா. ரெண்டு பிள்ளைங்களோட. ஏதாவது செய்யுங்கப்பா.”

“நான் என்னடி செய்வேன்? நான் மணி அடிக்கிறவன்.”

“அப்ப மணியாவது அடிங்க!”

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்துதான் வந்தது. நினைத்து நினைத்துப் பார்க்கிறாள், வேறு யார் வாயிலிருந்தும் வரவில்லை.

நாலரை மணிக்கு, பொழுது வெளுக்கும் முன்னால், மணி அடித்தது. ஒருபக்கமாக. டங் டங் டங் டங். யுஸ்தீனா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில். அக்கா முழித்துக்கொள்வாள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிடுவாள். எழுந்து ஓடு அக்கா, ஓடு, என்று முனகினாள். பட்டாளம் ஊருக்கு வெளியே உருளைக்கிழங்கு வயலில் படுத்திருந்தது. அவர்கள் ஆள் அனுப்பி நிறுத்துவதற்குள் அப்பா கோபுரத்தைப் பூட்டிக்கொண்டு கல்லறைத் தோட்டம் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டார். மேல்மூச்சு வாங்க அடுப்படியில் உட்கார்ந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா ரெகீனா அவர் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

ஒருபக்க மணி கேட்டால் லிப்கா ஓடிப் போகாது. ஓடி வரும்.

ஊரில் மூன்று வயசுக் குழந்தைக்கும் தெரிந்தது இது. நான்கு வருஷம் படித்த அவளுக்கு அந்த இரவு முழுக்கத் தெரியவில்லை. முப்பத்தோரு வருஷம் அடித்த அவருக்கும் தெரியவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது, தூரத்தில் பம்ப் வண்டியின் இரும்புச் சக்கரம் பாலத்துப் பலகையில் ஏறும் கடகடப்புக் கேட்டது. அப்பாவின் முகத்தை அவள் அப்போது பார்த்தாள். அந்த முகத்தை இனி சாகும்வரை மறக்க முடியாது. வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

பிறகு துப்பாக்கி. பெரிதாக ஒன்றுமில்லை. காய்ந்த விறகு வெடிக்கிற மாதிரி, ஒரு நிமிஷம்கூட இல்லை.

பாலத்துக்கு அவள் வெறுங்காலோடு ஓடினாள். பனிமூட்டம். போலந்துக் காவலர்கள் இரவே பின்வாங்கிப் போயிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. தடுப்புக் கட்டையை உர்பான் ஆட்களே தூக்கிக் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். மூட்டத்தில் சிப்பாய்களுக்குத் தெரிந்தது தலைக்கவசம், இடுப்பு வார், சக்கரம் வைத்த ஏதோ ஒன்று. பீரங்கி என்று நினைத்தார்களாம். பம்ப் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதன் பெட்டியில் வரைந்திருந்த புனித ஃப்ளோரியன், தீயணைப்பவர்களின் காவல் தெய்வம், எரிகிற வீட்டின்மேல் வாளித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டே இருந்தார். துணிக்குழாய் பாலம் நெடுக அவிழ்ந்து கிடந்தது. மூன்று பேர் அசையவில்லை. ஒரு தகர வாளி மட்டும் உருண்டு உருண்டு சரிவில் இறங்கி, ஓடையில் விழுந்து, தண்ணீரை மொண்டுகொண்டு முழுகியது.

நேற்று மோர் குடித்த பல்லுக்காரச் சிப்பாய் அந்தக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

எதிர்க் கரையில் மூட்டம் விலகியபோது அக்கா நின்றாள். தோளில் ஒரு பிள்ளை, கையில் ஒரு வாளி. நடுவில் பட்டாளம். அவளுக்கு இங்கே கிடந்தது எதுவும் தெரியவில்லை.

“யுஸ்தா!” என்று கத்தினாள். “எங்கடி தீ? யார் வீடுடி எரியுது? நம்ம வீடா?”

யுஸ்தீனா சாய்ந்து கிடந்த பம்ப் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஊமையா நீ? யார் வீடுன்னு சொல்லித் தொலையேன்!”

சிப்பாய்கள் அக்காவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பட்டாளம் ஓடையைத் தாண்டியது. தாண்டும்போது பாடச் சொல்லி உத்தரவு போலிருக்கிறது, பாடிக்கொண்டே தாண்டினார்கள். லிப்காவை மீட்டாகிவிட்டது. மீட்ட ஊரின் மூன்று பேர் பாலத்தில் கிடந்தார்கள்.

மிச்சமிருந்த ஆறு பேரைப் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். ஒன்பது மணிக்கு அவள் ஒரு தூக்குச் சட்டியில் முட்டைக்கோஸ் சூப்பை எடுத்துக்கொண்டு போனாள். வாசல் சிப்பாய் விட்டான். முதல் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் ஆறு ஆம்பிளைகள், கை பின்னால் கட்டி, முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ‘குழந்தைகளே, வருக’.

உர்பானின் இடது தோளில் கட்டு. ரத்தம் கறுத்திருந்தது.

“வாங்க டீச்சரம்மா” என்றான். “வருகைப் பதிவு எடுங்க. மூணு பேர் வரலை.”

“அத்தான், பேசாதீங்க. குடிங்க.”

அவள் கரண்டியால் ஊட்டினாள். அவன் குடித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“மாமா கை சுத்தமான கை, யுஸ்தா. நான் கொட்டகைல தலைக்கவசம் மாட்டும்போதே சொன்னேன், இது காஷ்பர் மாமா அடிக்கிறது, ஒரு தட்டுகூடத் தப்பலை பாருங்கடான்னு.”

அவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

“லெப்டினன்ட் கேட்டான், மணி அடிச்சவன் யாருன்னு. தெரியாதுன்னு சொன்னோம். ஆறு பேரும். எங்களுக்குள்ள பேசிக்கக்கூட இல்லை. அவன் கேட்டான், நாங்க சொன்னோம், தெரியாதுன்னு.” கொஞ்ச நேரம் கழித்து, “தீ எங்கன்னு மட்டும் எனக்கு இன்னும் புரியலை” என்றான்.

“தீ இல்லை அத்தான். உங்களை எல்லாம் ஓடச் சொல்லி அடிச்சது.”

உர்பான் அவளைப் பார்த்தான். சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். உதடு அப்படித்தான் கோணியது.

“ஓடத்தான் செஞ்சோம்” என்றான்.

பக்கத்து அறையில் லெப்டினன்ட் பியெலிக் எழுதிக்கொண்டிருந்தான். அவள் நேராகப் போய் நின்றாள்.

“அவங்க தீயணைக்க வந்தவங்க. பம்ப்பைப் பாத்தீங்கல்ல? குழாயைப் பாத்தீங்கல்ல? ஒருத்தர்கிட்டயாவது துப்பாக்கி இருந்துதா?”

“கோடாலி இருந்தது.”

“தீயணைக்கிறவன் பின்ன என்ன கரண்டியா கொண்டு வருவான்?”

அவன் பேனாவை வைத்தான். காலையிலிருந்து அவனும் தூங்கவில்லை, சவரம் செய்யவில்லை. “டீச்சர், தீ எங்க இருந்தது?”

“இல்ல.”

“தீ இல்லை. ஆனா தீயணைக்க வந்தாங்க. உங்க ஊர் அதிகாரி எழுதிக் கொடுத்துட்டார், இன்னிக்கு மாசத்தோட முதல் வெள்ளி, பூசைக்கு மணி அடிச்சதுன்னு. பூசை மணிக்குக் கோடாலியோட வந்தா அதுக்குப் பேர் தாக்குதல். ஆயுதத்தோட பிடிபட்ட சிவில் ஆட்களை ரெண்டு மணிக்கு ஜெர்மன்காரன்கிட்ட ஒப்படைக்கணும்னு உத்தரவு. அவன் என்ன செய்வான்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.”

“பூசையா? சாமியாரையே பட்டாளத்துப் பூசைக்குன்னு கூட்டிப்போய் நாலு நாளாச்சு. பூசை யார் வைப்பா, ஷோல்தீஸா? அது ஒருபக்க மணி. தீ மணி. ஊர்ல யாரை வேணா கேளுங்க.”

“கேட்டேன். யாரும் வாயத் திறக்கலை. நீங்க கைதியோட மச்சினி, உங்க பேச்சு எடுபடாது.” அவன் கண்ணைத் தேய்த்துக்கொண்டான். “அடிச்ச ஆளைக் கொண்டு வாங்க. ஒருபக்கமா அடிச்சேன், அதைக் கேட்டுத்தான் வந்தாங்கன்னு அந்த ஆள் வாயால சொல்லட்டும். தீயணைப்பு ஆட்கள், தவறாகச் சுடப்பட்டார்கள்னு நான் எழுதறேன். ஆறு பேரும் வீட்டுக்குப் போகலாம்.”

“அடிச்சவருக்கு?”

“எதிரிக்கு எச்சரிக்கை கொடுத்தவர். எங்க பட்டாளக் கோர்ட்டுக்கு அனுப்புவேன். அதுக்கு மேல என் கையில இல்லை.”

சொன்னான், ஆனால் யாரும் வந்துவிடக் கூடாது என்று அவன் கண் கெஞ்சியதை அவள் பார்த்தாள். எதிரியைச் சுட்டவனாக இருந்தால் இன்றைக்குச் சோறு இறங்கும். வாளியோடு வந்தவனைச் சுட்டவனாக இருந்தால் எப்படி இறங்கும்?

வெளியே ஷோல்தீஸ் நின்றான். ஆளுங்கட்சித் தொண்டர்படையின் கறுப்புச் சட்டை, புது இடுப்பு வார். யுஸ்தீனாவின் ஞானத்தகப்பன் அவன். ஞானஸ்நானத் தண்ணீர் அவள் நெற்றியில் விழுந்தபோது கையில் ஏந்தி நின்றவன்.

“பூசைன்னு ஏன் எழுதிக் கொடுத்தீங்க?”

“உங்கப்பனைக் காப்பாத்தத்தான்டி, கழுதை.”

“ஆறு பேரைக் கொன்னா?”

“அவங்க போலந்துக்காரங்க.”

“நேத்து வரைக்கும் நம்ம ஊர், பறிபோன மண்ணுன்னு மைக் வச்சுக் கத்தினது யாரு?”

“மண்ணுதான் நம்மது” என்றான் ஷோல்தீஸ். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது போலிருந்தது. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அப்புறம்தான் அதைச் சொன்னான்: உங்கப்பன் ஒண்ணும் சொல்லாத வரைக்கும்.

இப்போது அவள் தொழுவ வாசலில் நின்றாள். சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லியாகிவிட்டது. உர்பான் சொன்னது, லெப்டினன்ட் சொன்னது, ரெண்டு மணி லாரி, எல்லாம்.

அப்பா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். அது நிற்காமல் சரிந்தது. மறுபடி சாய்த்தார்.

“சாவுக்கு ஒரு மணி இருக்கு” என்றார். “உச்சிக்கு ஒண்ணு. ஆலங்கட்டி மேகம் வந்தா கலைக்க ஒண்ணு. தீக்கு ஒண்ணு. எங்கப்பன் எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்தான். சண்டைக்குன்னு ஒரு மணி அவன் சொல்லிக் கொடுக்கலை யுஸ்தா. எனக்கு வேற எதை அடிக்கிறதுன்னு தெரியலை.”

“அதையே போய்ச் சொல்லுங்க. அந்த ஆள்கிட்ட. இதே வார்த்தையை.”

“சுட்டுடுவாங்க.”

“கோர்ட்டுக்கு அனுப்புவேன்னு சொன்னான்.”

“கோர்ட்டு சுடும்.”

“இருக்கலாம். நீங்க போகலைன்னா அத்தானைச் சுடுவாங்க. அக்கா வந்து, மணி அடிச்சது யாருப்பான்னு கேப்பா. என்ன சொல்வீங்க? அவங்க ஆறு பேருக்கும் தெரியும் நீங்கதான்னு. கையைக் கட்டிப் போட்டுக் கேட்டும் சொல்லலை. எதுக்குச் சொல்லலை? நீங்க இங்க உக்காந்து சாணி கூட்டறதுக்கா?”

“அடியே!” வாசலில் அம்மா வந்து நின்றிருந்தாள். “தகப்பன்கிட்டப் பேசற பேச்சா இது? உன்னைப் படிக்க வச்சதுக்கு இதுதான் கூலியா?”

“படிக்க வச்சதாலதான் கணக்குத் தெரியுது. ஒண்ணா, ஆறா?”

“ஒண்ணு என் புருஷன்!”

“அந்த ஆறுல ஒண்ணு உன் பொண்ணோட புருஷன்மா!”

அம்மா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். பெருஞ்சாலையில் ஜெர்மன் லாரிகளின் உறுமல் மட்டும் மேட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தது.

அப்பா பால் கறக்கும் முக்காலியில் உட்கார்ந்தார். அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் கயிற்றுத் தழும்பு பழுப்பாக, தோல் செருப்பின் அடிப்பக்கம் மாதிரி இருக்கும். அதை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தார்.

“நீதான் அடிக்கச் சொன்னே” என்றார்.

மெதுவாகத்தான் சொன்னார். குற்றம் சாட்டுகிற குரல்கூட இல்லை. குழந்தை தன் பக்க நியாயத்தைச் சொல்லுமே, அப்படி.

“நான் சும்மா சாப்பிட்டுட்டு இருந்தேன். நீதான் வந்து சொன்னே, மணியாவது அடிங்கன்னு. நான் கயிறு மாதிரி யுஸ்தா. யாரோ இழுத்தா அடிக்கிறேன். இழுத்தது நீ.”

“காஷ்பர்!” என்றாள் அம்மா, பயந்துபோய்.

யுஸ்தீனாவுக்கு அப்பாவை அறையலாம் போல் இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. அவர் சொன்னதில் பொய் எங்கே என்று தேடினாள். ஒரு மாணவனின் விடையில் தப்பைத் தேடுகிற மாதிரி வரிவரியாகத் தேடினாள். அவர் கோழை, அது உண்மை. அவர் சொன்னது உண்மை, அதுவும் உண்மை.

“ஆமா” என்றாள். “நான்தான் சொன்னேன்.”

அதற்கப்புறம் அவள் குரல் உயரவில்லை. அதுதான் அம்மாவைக் கலக்கியது. கத்துகிற யுஸ்தாவை அவளுக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து கத்துகிறவள்தான். கத்தாத இவளைத் தெரியவில்லை.

யுஸ்தீனா வீட்டுக்குள் போனாள். முகம் கழுவினாள். காலையிலிருந்து வெறுங்காலோடு இருந்தவள், ஞாயிற்றுக்கிழமைக் காலணியை எடுத்து மாட்டி, வாரை இறுக்கினாள். கதவுக்குப் பின்னால், மாதா படத்துக்குக் கீழே ஆணியில், மணிக்கோபுரத்துச் சாவி தொங்கியது. ஒரு சாண் நீள இரும்புச் சாவி. அந்த ஊரில் அது ஒன்றுதான். வேறு வீட்டில் கிடையாது. இந்த வீட்டில் மூன்று பேர்தான் உண்டு.

அதை எடுத்து மேலங்கிப் பையில் போட்டாள். பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. மறைக்கவில்லை.

அம்மா வாசலை அடைத்து நின்றாள்.

“சாவி எதுக்குடி?”

“நகரும்மா.”

“உனக்கு ஒருபக்கமா அடிக்கத் தெரியாதேடி. நீ ஒருநாளும் அடிச்சதில்லையே. அந்த லெப்டினன்ட் கேட்டா என்னடி சொல்வே?”

“அடிக்கச் சொல்லுவான். அடிச்சுக் காட்டறேன். முப்பத்தோரு வருஷமா அவர் அடிச்சதுல இருபத்துமூணு வருஷம் நானும் கேட்டிருக்கேன்.”

அம்மா அவள் கையைப் பிடித்தாள். பிறகு, பின்னால் தொழுவத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் பிடி தளர்ந்தது. தளர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் அவளுக்கே தன் கையைப் பார்க்கக் கூசியது போல இடுப்பில் கட்டியிருந்த துணிக்குள் ஒளித்துக்கொண்டாள். யுஸ்தீனா அதைப் பார்க்காத மாதிரி தாண்டினாள்.

முற்றத்தைக் கடக்கும்போது தொழுவத்து வாசலில் அப்பா எழுந்து நின்றது தெரிந்தது. சாவியைப் பார்த்துவிட்டார். கூப்பிடுவார் என்று நான்கு அடி மெதுவாக நடந்தாள். ஐந்தாவது அடியில் வழக்கமான நடை வந்துவிட்டது.

ஓட்ஸ் வயலை ஒட்டிய பாதையில் பட்டாளத்தின் சக்கரத் தடம் புதிதாக இருந்தது. மணி பன்னெண்டே முக்கால் இருக்கும். சாவி தொடையில் இடித்துக்கொண்டே வந்தது. பின்னால் தொழுவத்தில் விளக்குமாற்றுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. அவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடந்தாள்.